மெமரி லீக்: ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுமா?

2012 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அமேசான் கிளவுட் திணறியதால் ரெட்டிட், ஃபோர்ஸ்கொயர் உள்ளிட்ட தளங்கள் முடங்கின. காரணம், அங்குள்ள ஸ்டோரேஜ் சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன புரோகிராம். சர்வர் பற்றிய தகவல்களைத் திரட்டி அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை.

அந்தத் தகவல்களை வாங்கும் சர்வர் ஒன்று முந்தைய வாரம் பழுதாகி, வேறு வைத்தார்கள். புது முகவரி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. சில சர்வர்களில் அந்தப் புரோகிராம் பழைய முகவரியையே திரும்பத் திரும்பத் தட்டியது. தட்டத் தட்ட, மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

யாருமே கவனிக்கலையா? மொத்த மெமரியைக் கவனித்தார்கள். ஆனால் அந்த சர்வர்களில் அது எப்போதுமே ஏறி இறங்கும் என்பதால் சரியான அலாரம் வைப்பது கடினம்.

ஒழுகலா, கைமாத்தா?

லீக் என்று பெயர் இருந்தாலும் இது கைமாத்துக் கதைதான். புரோகிராம் மெமரியை வாங்குகிறது, வேலை முடிந்தும் திருப்பித் தருவதில்லை. "பைத்தான், ஜாவாவில்தான் கார்பேஜ் கலெக்டர் இருக்கே?" இருக்கிறது. ஆனால் யாரும் பிடித்துக்கொண்டிராத பொருளை மட்டுமே அது அள்ளும். வரம்பில்லாத கேஷ், நீண்டுகொண்டே போகும் குளோபல் லிஸ்ட், கழற்றாமல் விட்ட ஈவென்ட் லிசனர் எல்லாம் அதற்குக் கைக்கெட்டாதவை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

'எவ்வளவு' என்பதை விட்டுவிட்டு 'எது வளர்கிறது' என்று பாருங்கள். பைத்தானில் 2014-இல் வந்த 3.4 முதல் டிரேஸ்மெல்லாக் கூடவே வருகிறது. புரோகிராம் ஓடி நிலைபெற்றதும் ஒரு ஸ்னாப்ஷாட். ஒரே வேலையை 100 முறை செய்யவைத்து இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டால், எந்த வரியில் வாங்கிய மெமரி கூடியிருக்கிறது என்று தெரியும்.

வாங்கிய வரிதான் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம். என் ஸ்கிரேப்பர் ஒன்றில் இணையப் பக்கத்தைப் பிரித்துப் படிக்கும் வரியைத்தான் இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். உண்மையில், பிழைகளைக் குறித்துவைக்க நானே போட்ட லிஸ்ட் முழுப் பக்கங்களையும் பிடித்து வைத்திருந்தது. குரோம் டெவ்டூல்ஸில் ஹீப் ஸ்னாப்ஷாட் எடுத்தால், 'ரீட்டெய்னர்ஸ்' பகுதி அந்தப் பிடித்திருக்கும் கையையே காட்டும். சி, சி++ என்றால் வால்கிரைண்ட்.

ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்தால் ரீஸ்டார்ட் செய்வதில் தப்பில்லை. தடயமும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதால், முடிந்தால் அதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள்.

லீக்கைச் சரிசெய்வதோடு அமேசான் இன்னும் இரண்டு மாற்றங்களை அறிவித்தது: ஒவ்வொரு புரோகிராமின் மெமரிக்கும் தனித்தனி அலாரம், முக்கியத்துவம் குறைந்த புரோகிராம்களுக்கு உச்சவரம்பு.