வங்கதேசத்தில் மரபணு மாற்றப்பட்ட உணவின் ஒழுங்குமுறை: பி.டி. கத்தரியும் நிறைவேறாத ஒரு நிபந்தனையும்

முன்னுரை

2014 ஜனவரி 22 அன்று வங்கதேச வேளாண் அமைச்சர் மத்தியா சவுத்ரி 20 உழவர்களுக்குக் கத்தரி நாற்றுகளை வழங்கினார். தெற்காசியாவில் மரபணு மாற்றப்பட்ட உணவுப் பயிர் ஒன்று சட்டப்படி உழவர் கைக்கு வந்தது அதுவே முதல்முறை. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் அரசு அளித்த ஒப்புதலில் சில நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தன. காயை வாங்குவோர் அது இன்னதென அறியும்படி அடையாளமிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பயிர் பரவியது, அடையாளம் சந்தைக்கு வரவில்லை. இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. அதிகாரிகளின் அசட்டையே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அது முழு விடையன்று. அந்நாட்டின் உயிரியப் பாதுகாப்புச் சட்டம் பிறந்த முறையிலேயே இந்த இடைவெளி அமைந்திருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

நாடும் காயும்

வங்கதேசத்தின் பரப்பு ஏறத்தாழ 1,47,570 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைக் காட்டிலும் சற்றே பெரிது. மக்கள்தொகையோ இரு மடங்கிற்கு மேல். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் நாட்டில் நிலம் துண்டு துண்டாகவே இருக்கும். அந்நாட்டு உழவர் தம் நிலத்தை டெசிமல் கணக்கில் சொல்வர். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு ஒரு டெசிமல். நம் உழவர் ‘சென்ட்’ என்பது அதையே. பத்து டெசிமல் கத்தரித் தோட்டம் அங்கே இயல்பானது. இவ்வளவு சிறிய துண்டுகளில் பிரிந்து கிடக்கும் வேளாண்மையை எந்த ஆணையம் எப்படிக் கண்காணிப்பது என்னும் கேள்வியைப் பின்வரும் வரலாறு முழுவதிலும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கத்தரி, வங்காளத்தில் ‘பேகுன்’, ஏழைக்கும் செல்வர்க்கும் பொதுவான காய். வறுவலாகவும் சுட்டுப் பிசைந்த ‘பொர்த்தா’வாகவும் அன்றாடம் உண்ணப்படுவது. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளைக்குக் கடலை மாவில் தோய்த்துப் பொரிக்கும் ‘பேகுனி’ இல்லாத தெருக்கடை டாக்காவில் அரிது. சுமார் 50,000 ஹெக்டேரில் பயிராகும் இக்காய்க்குத் தண்டு மற்றும் காய்த் துளைப்பான் என்னும் புழுவே பெரும்பகை. புழு காய்க்குள் நுழைந்த பின் மருந்து அதை எட்டாது. எனவே, புழு நுழையும் முன்பே கொல்ல வேண்டும் என்ற அச்சத்தில் உழவர் வாரத்தில் பலமுறை மருந்தடிப்பர். அறுவடைக்கு முந்தின நாள்கூடத் தெளிப்பதுண்டு. மரபணு மாற்றத்தை எதிர்த்தோரும் ஆதரித்தோரும் இந்த ஓர் உண்மையில் வேறுபடவில்லை. வங்கதேசத்தில் உண்போர் அறியாது உண்டவற்றுள் புதிய மரபணுவுக்கு நெடுங்காலம் முன்பே பூச்சிக்கொல்லி இருந்தது.

சட்டத்தின் பிறப்பு

1999இல் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம் முதல் உயிரியப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவை ஆய்வுக்கூடத்தை மனத்திற் கொண்டவை. 2000இல் கார்த்தஹேனா நெறிமுறையில் வங்கதேசம் கையெழுத்திட்டு 2004இல் அதனை ஏற்புறுதி செய்தது. பொறுப்பு சுற்றுச்சூழல் அமைச்சகத்திற்கு மாறியது. வழிகாட்டு நெறிகள் 2007இல் திருத்தி அமைக்கப்பட்டன. 1995ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2012இல் உயிரியப் பாதுகாப்பு விதிகள் பிறப்பிக்கப்பட்டபோதுதான், அதுவரை அறிவுரையாக இருந்தவை சட்டவலிமை பெற்றன.

இவ்வரிசையில் ஒரு செய்தி கவனத்திற்குரியது. கார்த்தஹேனா நெறிமுறை உயிருள்ள மாற்றுயிரிகளைப் பற்றியது. விதை, நாற்று, முளைக்கும் தானியம் ஆகியன அதன் எல்லைக்குள் வரும். அவற்றிலிருந்து பிழிந்த எண்ணெயும் அரைத்த மாவும் உயிருள்ளவை அல்ல. அவை அதன் மையக் கவலையும் அல்ல. அந்நெறிமுறையை முன்மாதிரியாகக் கொண்டு, சுற்றுச்சூழல் சட்டத்தின் கிளையாக வளர்ந்த விதிகள், பயிர் வயலில் என்ன செய்யும் என்பதையே முதன்மையாகக் கேட்டன. உண்பவருக்கு என்ன தெரிய வேண்டும் என்பது அங்கே பின்னிணைப்பு. உணவுப் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் 2013 அக்டோபரில்தான் இயற்றப்பட்டது. மரபணு மாற்றப்பட்ட உணவைப் பற்றியும் அதில் விதி உண்டு. எனினும் அதனைச் செயற்படுத்தும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது 2015 பிப்ரவரியில். அதற்குள் பி.டி. கத்தரி இரண்டாம் பருவம் கண்டுவிட்டது.

கோயம்புத்தூர், தார்வாட், காசிப்பூர்

பி.டி. கத்தரியின் தொழில்நுட்பம் இந்தியாவில் உருவானது. மண்ணில் வாழும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் ‘கிரை1ஏசி’ மரபணுவை மகிகோ விதை நிறுவனம் கத்தரியில் புகுத்தியது. அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமையின் நிதியில், கார்னெல் பல்கலைக்கழகம் வழிநடத்திய திட்டத்தின் வாயிலாக அது பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பகிரப்பட்டது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய தன் வகைகளிலும், தார்வாட் பல்கலைக்கழகம் கன்னட நாட்டு வகைகளிலும் இம்மரபணுவைச் சேர்த்தன. காசிப்பூரிலுள்ள வங்கதேச வேளாண் ஆய்வு நிறுவனம் 2005இல் ஒப்பந்தம் செய்துகொண்டு ஒன்பது உள்நாட்டு வகைகளில் அதே பணியைத் தொடங்கியது.

மூன்று இடங்களிலும் பணி ஒன்றே. முடிவு ஒன்றாக இல்லை. 2009 அக்டோபரில் இந்தியாவின் மரபணுப் பொறியியல் ஒப்புதற் குழு பி.டி. கத்தரிக்கு இசைவளித்தது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கருத்துக்கேட்பு நடத்தி, 2010 பிப்ரவரி 9 அன்று அதனைக் காலவரையின்றி நிறுத்தி வைத்தார். மதுரைக்கும் பாலூருக்கும் உரிய வகைகள் ஆய்வுப் பண்ணையோடு நின்றன. காசிப்பூரின் வகைகள் நடந்தன. இந்தியாவில் நிகழ்ந்தது போன்ற நகர்தோறும் கூடிய விவாதம் வங்கதேசத்தில் நிகழவில்லை. கத்தரியின் தாயகமாகக் கருதப்படும் நிலப்பரப்பில் நாட்டு வகைகளோடு மகரந்தக் கலப்பு நேருமே என்ற கவலையைச் சூழலியலாளர் எழுப்பினர். அது இரு நாட்டிற்கும் பொதுவான கேள்வி. எல்லைக்கோடு மகரந்தத்திற்கு இல்லை.

ஒப்புதலும் நிபந்தனையும்

2013 அக்டோபர் 30 அன்று உத்தரா, காஜ்லா, நயன்தாரா, ஐ.எஸ்.டி. 006 ஆகியவற்றின் அடிப்படையிலான நான்கு பி.டி. வகைகளுக்கு ஒப்புதல் வந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே மாதம். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. ஒப்புதலை அளித்தது சுற்றுச்சூழல் அமைச்சகம். விதையைப் பெருக்கியது வேளாண் அமைச்சகத்தின் கீழுள்ள நிறுவனம். சந்தை இவ்விரண்டின் ஆளுகையிலும் இல்லை.

நிபந்தனைகளுள் இரண்டை இங்கே எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, தோட்டத்தைச் சுற்றிச் சாதாரணக் கத்தரியை வரிசையாக நட வேண்டும் என்பது. பி.டி. செடியில் தப்பிய புழு, சாதாரணச் செடியில் வளர்ந்த புழுவோடு இணைந்தால் எதிர்ப்பாற்றல் பரவுவது தாமதமாகும். ஒரே மரபணுவைச் சார்ந்திருக்கும் பயிருக்கு இது உயிர்நாடி. ஆனால் பத்து டெசிமல் நிலத்தில் ஓரத்து வரிசைகள் எனின் தோட்டத்தின் கணிசமான பகுதி அதற்கே போய்விடும். அவ்வரிசைகள் புழுவுக்கு இரையாகும் என்பதும் உழவர்க்குத் தெரியும். பெரிய பண்ணையில் ஓரம் என்பது ஓரம். சிறிய தோட்டத்தில் ஓரமே தோட்டம்.

இரண்டாவது, அடையாளச் சீட்டு. வங்கதேசத்தில் கத்தரிக்காய் பொதியில் வருவதில்லை. உழவர் அதைக் கூடையிலோ சாக்கிலோ ஊர்ச்சந்தைக்குக் கொண்டு செல்வார். ‘பேப்பாரி’ எனப்படும் சுற்று வணிகர் பலரிடம் வாங்கி ஒன்றாகக் கொட்டுவார். டாக்காவின் காரவான் பஜார் போன்ற பெருஞ்சந்தையில் தரகுக்கடைக்காரரான ‘ஆரத்தார்’ அதை நிறம், அளவு பார்த்துப் பிரிப்பார், மரபணு பார்த்தன்று. அங்கிருந்து தள்ளுவண்டிக்குப் போகும் காயில் எதன்மேல் சீட்டு ஒட்டுவது? உருவில் பி.டி. நயன்தாராவும் பழைய நயன்தாராவும் ஒன்றே. விதை உறையில் அடையாளமிடலாம், இடப்படவும் செய்தது. உறையைக் கிழித்த பின் அது உழவரின் அறிவாக மட்டும் எஞ்சியது. பி.டி. வகைகள் கலப்பின விதை அல்லாதவை ஆதலால் உழவர் தாமே விதை எடுத்து வைக்கலாம். உழவர் உரிமை நோக்கில் இது நல்லது. எனினும் அடுத்த பருவத்தில் அந்த உறைகூட இராது.

முற்றிலும் அடையாளமே இல்லை என்றும் சொல்ல இயலாது. தொடக்கப் பருவங்களில் சில உழவர் தம் காயைப் ‘பூச்சிக்கொல்லி இல்லாதது’ என்று சொல்லி விற்றதாகச் செய்திகள் வந்தன. சட்டம் கேட்ட அடையாளம் ஒன்று. வாங்குவோர் விரும்பிய அடையாளம் வேறு. இதை உழவரின் தந்திரம் என்று ஒதுக்குவது எளிது. சந்தையில் கேட்கப்படும் கேள்விக்கு அவர் விடை சொன்னார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சட்டத்தின் கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

முதற்பருவம் கலவையான விளைவையே தந்தது. காசிப்பூர், ஜமால்பூர், பாப்னா, ரங்பூர் வட்டாரத் தோட்டங்கள் சிலவற்றில் வாடல் நோயால் செடிகள் மடிந்தன. பி.டி. மரபணு அந்நோயைத் தடுப்பதற்கானதன்று. எனினும் செய்தித்தாள்கள் ‘தோல்வி’ என்றும் ‘வெற்றி’ என்றும் ஒரே தோட்டத்தைப் பற்றி எழுதின. பின்னர் நிலைபெற்றது. 2018இல் இப்பயிரை ஏற்ற உழவர் தொகை 27,012 எனக் கணக்கிடப்பட்டது. அக்காலத்தில் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் நடத்திய ஒப்பீட்டாய்வு, பூச்சிக்கொல்லிச் செலவு 47 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. இந்நன்மையை மறுக்க முடியாது. ஆனால் இதே எண், நிபந்தனையின் நிலையையும் காட்டுகிறது. இருபது தோட்டங்களைத் தேடிச் சென்று பார்க்கலாம். இருபத்தேழாயிரம் தோட்டங்களின் ஓர வரிசையை எண்ண முடியாது. முடியாத ஒன்றை ஒப்புதலில் எழுதி வைத்தது, முடியும் என்றிருந்த மற்ற நிபந்தனைகளின் மதிப்பையும் குறைத்தது என்பதே என் மதிப்பீடு. அடையாளச் சீட்டு நிறைவேறாததைக் கண்டும் எவரும் கேள்வி கேட்காதபோது, ஓர வரிசையை நடாத உழவரைக் கேட்கும் தகுதி எந்த அதிகாரிக்கு உண்டு?

எண்ணெயும் அரிசியும்

கத்தரியைப் பற்றிய வாதத்தில் மறைந்துபோன பொருள் ஒன்றுண்டு. வங்கதேச அடுப்பில் பாமாயிலோடு சோயா எண்ணெயே பெரும்பாலும் பயன்படுகிறது. அதற்கான சோயாவும் கச்சா எண்ணெயும் பிரேசில், அர்ஜென்டினா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றன. அங்கே விளையும் சோயாவில் மிகப் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது. ஆகவே 2014 ஜனவரியில் நாற்று வழங்கப்பட்டபோது, மரபணு மாற்றப்பட்ட பயிரின் விளைபொருள் ஏற்கெனவே அந்நாட்டுச் சமையலறைகளில் இருந்தது. பேகுனியைப் பொரித்த எண்ணெயைப் பற்றி எவரும் ஊர்வலம் செல்லவில்லை. தூய்மிப்பு செய்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ ஏறத்தாழ எஞ்சுவதில்லை. சோதனையால் கண்டறிவது கடினம். ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே சோதனையை மட்டும் நம்பாமல், வயல் முதல் கடைவரை ஆவணத் தொடர்ச்சியைக் கட்டாயமாக்கியது. அத்தொடர்ச்சிக்கு வேண்டிய கணக்கேடு தரகுக்கடைச் சந்தையில் இல்லை. எண்ணெயோ புட்டியில் வருவது, ஆலைகளும் சில. சீட்டு ஒட்டக்கூடிய பொருள் அதுவே. சட்டம் சீட்டைக் கேட்டது கூடையிடம்.

இந்நிலையில்தான் பொன்னரிசி வந்தது. வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்கும் நோக்கில் பீட்டா கரோட்டின் உண்டாகும்படி மாற்றிய நெல் அது. வங்கதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் புகழ்பெற்ற ‘பிரி தான் 29’ வகையில் அப்பண்பைச் சேர்த்து 2017 இறுதியில் ஒப்புதலுக்கு விண்ணப்பித்தது. பிரி தான் 29 அந்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் தன் பெயரில் விற்பதில்லை. ஆலையில் நன்கு தீட்டப்பட்டு ‘மினிகேட்’ என்னும் வணிகப் பெயரில் பிற வகைகளோடு வரும். அப்பெயரில் நெல் வகை ஒன்று வயலில் கிடையாது. ஆயினும் பொன்னரிசியை அப்படி மறைக்க இயலாது. அதன் நிறம் தவிட்டில் இல்லை, அரிசியின் உள்ளேயே இருக்கிறது. எவ்வளவு தீட்டினாலும் மஞ்சளாகவே நிற்கும். எழுத்தறியாதவரும் கண்ணால் கண்டு வேண்டும், வேண்டாம் என்று சொல்லத்தக்க மரபணு மாற்ற உணவு வங்கதேசத்தின் முன் வந்தவற்றுள் அது ஒன்றே. விண்ணப்பித்து ஆண்டுகள் பல கடந்தும் அதற்கு ஒப்புதல் வரவில்லை. காரவான் பஜாரில் கத்தரிக்காய் இன்றும் நிறம், அளவு பார்த்தே பிரிக்கப்படுகிறது.