இரட்டை விடியல் பிறந்த கதை

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. இங்கிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்த விமான வழி அதோடு அறுந்தது. மாற்று வழி தேடியவர்கள் வரைபடத்தை விரித்தால், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கைக்கும் நடுவே இருந்ததெல்லாம் இந்துமாக்கடல் மட்டுமே. பறக்கவேண்டிய தூரம் சுமார் 3,500 கடல் மைல், அதாவது 6,500 கிலோமீட்டர். வழியில் இறங்க இடமில்லை.

அந்த வழியை ஏற்றுக்கொண்டது குவாண்டாஸ் நிறுவனம். அதற்குக் கிடைத்தவை தண்ணீரில் இறங்கி ஏறும் ஐந்து கேட்டலினா விமானங்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகமே அவற்றுக்குப் பெரிது. ஆனால் எரிபொருள் கொடுத்தால் நாள் முழுக்கப் பறக்கும். எனவே கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, கூடுதல் எரிபொருள் தொட்டிகளை உள்ளே வைத்தார்கள். மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்தான் போக முடிந்தது. அவ்வளவு சிறிய சுமைக்காக இத்தனை பாடா என்று கேட்கலாம். அவசர இராணுவத் தபாலுக்கும் முக்கிய அதிகாரிகளுக்கும் அன்று வேறு விரைவான வழி கிடையாது.

1943 நடுவில் பயணம் தொடங்கியது. பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து எழும்பி, இலங்கையில் காலி நகருக்கு அருகே கொக்கல ஏரியில் இறங்கவேண்டும். விமானத்தில் துப்பாக்கி கிடையாது. எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும் என்பதால் வானொலியில் பேசவும் கூடாது. திசைகாட்டியும் விண்மீன்களுமே வழித்துணை. விமானங்களுக்கு வைத்த பெயர்களும் விண்மீன் பெயர்களே: வேகா, ரைகல், ஸ்பைகா, அல்டேர், அன்டாரிஸ்.

பயண நேரத்தைத் தீர்மானித்ததில் போருக்கும் பங்குண்டு. ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்கும்படி புறப்படும் நேரத்தைக் குறித்தார்கள். காற்றைப் பொறுத்து 27 முதல் 33 மணி நேரம் வரை ஆனது. அதனால் உள்ளே இருந்தவர்கள் ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்த்தார்கள். பயணிகளுக்கு 'இரட்டை விடியலின் இரகசியக் குழு' என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். பெயர் பிறந்தது அப்படித்தான்.

1945 வரை 271 முறை அந்தக் கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூட வழியில் தொலையவில்லை. விண்மீனைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஒரு நாளுக்கு மேல் கண்விழித்து ஓட்டியவர்களின் திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. போர் முடிந்ததும் அந்த விமானங்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். ஒன்றையாவது காட்சிக்கு வைத்திருக்கலாம்.

2018 முதல் பெர்த்திலிருந்து லண்டனுக்கே நிற்காமல் விமானம் போகிறது. ஏறத்தாழ 14,500 கிலோமீட்டரை 17 மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. தூரத்தில் கேட்டலினாவை எப்போதோ மிஞ்சிவிட்டார்கள். ஆனால் நிற்காமல் வானில் இருந்த நேரத்தில் அதை மிஞ்சிய பயணிகள் விமான சேவை இன்றுவரை இல்லை.