அப்பாவின் கார், ஆக்ஸிஜன் சென்சார், கொஞ்சம் ஈயம்

மனாமாவில் ஆபீஸ் ஆணி ரொம்ப அதிகம். அதனால்தான் இத்தனை நாளாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. லீவில் ஊருக்குப் போய் வந்த கதை ஒன்று பாக்கி இருக்கிறது. பாதி என் கதை, பாதி வரலாறு. பி.காம். படித்த பேங்க் ஆசாமிக்கு கார் சென்சார் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். எனக்கும் ஆகஸ்ட் வரை தெரியாது :-)

எங்கள் ஊர் பாலக்காடு ஜில்லா, கொழிஞ்சாம்பாறை பக்கம். ரேஷன் கார்டு மலையாளம், வீட்டுப் பேச்சு தமிழ். அக்காவைக் கட்டிக்கொடுத்தது இடுக்கி ஜில்லா மறையூரில். கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக, பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு சின்னார் காடு வழியாக மலை ஏற வேண்டும். ரிட்டயர்டு வாத்தியாரான அப்பா இதற்காகவே 2005-ல் வாங்கிய சின்னக் காரை இன்னும் வைத்திருக்கிறார்.

ஒரு வருஷமாகவே போனில் ஒரே புகார். "பெட்ரோல் வாசம் அடிக்குது கண்ணு. மைலேஜும் குறைஞ்சு போச்சு."

நான் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான். "வயசான வண்டிப்பா, வித்துடுங்க." வண்டிக்கு மட்டும்தான் வயசாச்சு என்று நான் நினைக்கவில்லை என்பது அவருக்கும் புரிந்திருக்கும். அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

பதினைந்து வருஷம் முடிந்து, 2020-ல் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்த ரிஜிஸ்ட்ரேஷன் மறுபடி முடியப்போகிறது. பொல்யூஷன் டெஸ்டுக்குக் கொண்டுபோனோம். கார்பன் மோனாக்ஸைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மெஷின் 2-ஐத் தாண்டிக் காட்டியது. ஃபெயில்!

அப்பாவிடம் படித்த பையன் ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வண்டியைச் சுற்றி வந்து, சைலன்சர் வாயில் விரலை விட்டுக் கரியைக் காட்டினார். எஞ்சினைச் சூடாக்கி, ஒரு ஒயரில் மல்டிமீட்டரை வைத்தார். 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே வோல்ட் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமாம். முள் 0.1 பக்கத்திலேயே படுத்துவிட்டது. "ஆக்ஸிஜன் சென்சார் போச்சு சார்."

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். கலவை சரியா என்று பார்க்க, புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று இந்தச் சென்சார் பார்க்கிறது. மிச்சம் இருந்தால் வோல்ட் இறங்கும், இல்லாவிட்டால் ஏறும். அதைப் பார்த்து எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். எங்கள் பாஷையில் சொன்னால், தினமும் கல்லாவை டேலி பண்ணும் கேஷியர். அப்பா வண்டியின் கேஷியர் எந்நேரமும் "கல்லாவில் பணம் இல்லை" என்றே எழுத, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்பாவின் மூக்குதான் சரியான கணக்கு!

இதன் பூர்வீகம் ஜெர்மனி. வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற விஞ்ஞானி 1889-ல் ஒரு சமன்பாடு தந்தார். இரண்டு பக்கமும் அடர்த்தி வித்தியாசப்பட்டால் எவ்வளவு வோல்ட் பிறக்கும் என்று சொல்லும் கணக்கு. அதே மனிதர் 1897-ல் சிர்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருளை வைத்து ஒரு மின்விளக்கு செய்தார். சூடாக்கினால்தான் அதில் மின்சாரம் பாயும். டங்ஸ்டன் பல்புகள் வந்ததும் அந்த விளக்கு காணாமல் போனது. நெர்ன்ஸ்டுக்கு 1920-ஆம் வருஷ வேதியியல் நோபல் கிடைத்தது.

தோற்றுப்போன அந்த விளக்கின் பொருளைத்தான் பாஷ் கம்பெனி பிறகு எடுத்துக்கொண்டது. சிர்கோனியாவில் ஒரு விரலுறை, மேலே பிளாட்டினம் பூச்சு. உள்ளே வெளிக்காற்று, வெளியே புகை. இடையில் பிறக்கும் வோல்ட்தான் சேதி. 1976-ல் கலிஃபோர்னியாவுக்குப் போன வால்வோ கார்களில் முதலில் பூட்டினார்கள். முன்பக்கக் கிரில்லில் "லாம்டா சோன்ட்" என்று பெருமையாகப் பட்டை வேறு! புகையிலுள்ள மூன்று விஷங்களையும் ஒன்றாக மட்டுப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குக் கலவை இம்மி பிசகக் கூடாது. அதற்குத்தான் இந்தக் காவல்.

இந்த ஜோடிக்கு எமன் ஈயம். எஞ்சின் 'நாக்கிங்' அடிக்காமல் இருக்க பெட்ரோலில் ஈயக் கலவை சேர்க்கலாம் என்று 1921-ல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் தாமஸ் மிட்ஜ்லி. 1924-லேயே அதைத் தயாரித்த தொழிலாளர்கள் விஷமேறிச் செத்தார்கள். இருந்தும் ஐம்பது வருஷம் ஜோராக ஓடியது. கன்வெர்ட்டர் வந்தபோதுதான் சிக்கல். பிளாட்டினத்தின் மேல் ஈயம் படிந்தால் அது பாழ். ஆக, 1975 மாடல் கன்வெர்ட்டர் கார்களுக்காக அமெரிக்க பங்குகளில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. விளைவு? 1976-க்கும் 1980-க்கும் இடையே அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி, டெசிலிட்டருக்கு 14.6 மைக்ரோகிராமிலிருந்து 9.2-க்கு இறங்கியது.

நம் நாட்டிலும் அதே கதைதான். எம்.சி. மேத்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தலையிட்ட பிறகு, 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. அதுவும் கன்வெர்ட்டர் வைத்த புதுக் கார்களுக்காக. நாடு முழுக்க மாறியது 2000 பிப்ரவரியில். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

யோசித்துப் பாருங்கள். எண்பதுகளில் அப்பா ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டுதான் நான் ஊர் சுற்றினேன். பங்கில் பெட்ரோல் வாசத்தை ஆசையாக இழுத்தவன். அந்தப் புகையில் இருந்த ஈயம் குழந்தைகளின் மூளைக்கு ஆகாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் பெட்ரோல் மாறியது, காரின் உறுப்பு தாங்காது என்றான பிறகுதான். காருக்கு வந்த யோகத்தில் குழந்தைகள் பிழைத்தார்கள். இதை நினைத்து சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா?

மாற்றும் வேலை சின்னதுதான். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது துருவுக்கு எண்ணெய் விட்டு, பக்கவாட்டில் பிளந்த 22 எம்.எம். சாக்கெட்டைப் போட்டுத் திருகினார். இருபது வருஷத் துரு, முனகிக்கொண்டே வந்தது. புதியதின் மரையில் மட்டும் பேஸ்ட் தடவினார். நுனியில் கை படக் கூடாதாம். மல்டிமீட்டரில் முள் துள்ளியது. மறுநாள் பொல்யூஷன் டெஸ்ட் பாஸ்.

அந்த வாரமே மறையூருக்குக் கிளம்பினோம். சின்னார் தாண்டி ஏற்றத்தில் ஓட்டியது அப்பாதான். பக்கத்தில் உட்கார்ந்து நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை.

"இப்ப வாசம் வருதாப்பா?"

"இல்ல கண்ணு." கொஞ்ச தூரம் போய்ச் சொன்னார். "ஒரு வருஷமா சொல்லிட்டேதான இருந்தேன்."

இப்போதெல்லாம் போனில் அவர் எதைச் சொன்னாலும், வயசாச்சு என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது.