கண்ணைத் தொடும் கை: ஒரு பயிற்சியின் பயணம்

கண் மருத்துவர் ஒருவரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். எம்.எஸ்., டி.ஓ., டி.என்.பி., எப்.ஆர்.சி.எஸ். என்று பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு ஒருவர் மூன்றாண்டு படித்திருப்பார், இன்னொருவர் இரண்டாண்டு. இதே தகுதிக்கு அமெரிக்காவில் நான்கு ஆண்டு, ஜெர்மனியில் ஐந்து, பிரான்சில் ஆறு, பிரிட்டனில் ஏழு. மனிதக் கண் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அதைத் தொடப் பழகும் காலம் மட்டும் ஏன் இத்தனை விதம்? விடை தேடிப் போனால் ஒரு ஊசி, ஒரு படையெடுப்பு, மூக்குக் கண்ணாடி விற்றவர்கள், சளைக்காமல் காப்பியடித்தவர்கள் என்று விசித்திரமான கூட்டத்தைச் சந்திக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஊசி. சுசுருத சம்ஹிதையில் கண்புரைக்கு ஒரு வைத்தியம் உண்டு. வெளுத்துப்போன கண்வில்லையைக் கூரிய கருவியால் குத்தி, பார்வைப் பாதையை விட்டுக் கீழே தள்ளிவிடுவார்கள். அதைவிடச் சுவையானது, மாணவனின் கை பழகும் முறை. பூசணி, சுரை, தர்பூசணி, வெள்ளரி ஆகியவற்றில் வெட்டிப் பழகிய பிறகே மனித உடலில் கத்தி வைக்கலாம் என்று அந்த நூல் வகுத்திருக்கிறது. பட்டமோ தேர்வோ இல்லாத காலத்தில், நோயாளிக்கு முன் காய்கறி என்ற விதி இருந்தது.

அந்த ஊசி பௌத்தத் துறவிகளோடு கிழக்கே நடந்தது. தாங் வம்சத்துச் சீனாவில் இந்தியக் கண் வைத்தியர்கள் பேர் பெற்றிருந்தனர்; கவிஞர் லியூ யூசி அப்படி ஒருவருக்குக் கவிதையே எழுதினார். பௌத்த அறிஞர் நாகார்ஜுனரின் பெயரில் ஒரு கண் மருத்துவ நூல் சீன மொழியில் வழங்கியது. மேற்கே பாக்தாதில், 9-ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்து நூல்களின் தொகுப்பை எழுதினார். அந்தத் தொகுப்புக்கு எதிர்பாராத ஒரு வேலை வந்து சேர்ந்தது. 12-ஆம் நூற்றாண்டு அரபுக் கையேடுகளின்படி, சந்தையில் எடைக்கல்லைச் சோதிக்கும் அதே அதிகாரி கண் வைத்தியரையும் சோதிக்க வேண்டும். ஹுனைனின் நூலிலிருந்து கேள்வி கேட்டு, கண்ணின் படலங்களும் நோய்களும் தெரிந்தவருக்கு மட்டுமே தொழில் செய்ய அனுமதி தர வேண்டும். கண் மருத்துவருக்கான தகுதித் தேர்வு தராசுக்குப் பக்கத்தில் பிறந்திருக்கிறது.

ஐரோப்பா அந்தத் தேர்வைக் கற்றுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின. அங்கே ஊசி நாடோடிகளின் கையில் இருந்தது. ஊருக்குள் வந்து, கூட்டம் கூட்டி, கண்ணைக் குத்தி, கட்டுப் போட்டு, அந்தக் கட்டைப் பிரிக்கும் நாளுக்குள் அடுத்த ஊர் போய்விடுவார்கள். இவர்களில் பெரும்புகழ் பெற்ற ஜான் டெய்லர் 1750-இல் இசைமேதை பாக்கின் கண்களில் அறுவை செய்தார். பாக் பார்வையை இழந்து சில மாதங்களில் இறந்தார். 1758-இல் இன்னொரு இசைமேதை ஹேண்டலுக்கும் டெய்லர் அறுவை செய்தார். ஹேண்டலுக்கும் பார்வை திரும்பவில்லை. இத்தனைக்கும் டெய்லர் லண்டனில் முறையாக அறுவை மருத்துவம் கற்றவர். செய்த அறுவையின் விளைவுக்குப் பொறுப்பேற்கச் சொல்லும் அமைப்புதான் அன்று இல்லை.

அந்த அமைப்பின் முதல் செங்கல்லை வைத்தது வியன்னா. கண்வில்லையைக் கீழே தள்ளாமல் வெளியே எடுத்துவிடலாம் என்று பிரெஞ்சுக்காரர் ழாக் தவியேல் 1740-களின் இறுதியில் காட்டியிருந்தார். புதிய முறைக்கு நுணுக்கமான கை தேவைப்பட்டது, நுணுக்கமான கைக்கு ஆசிரியர் தேவைப்பட்டார். 1812-இல் வியன்னாப் பல்கலைக்கழகம் கியோர்க் பேயரைக் கண் மருத்துவப் பேராசிரியராக்கியது. நோயாளியைக் கட்டிலிலேயே காட்டிப் பாடம் நடத்திய அவரிடம் கற்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர். அட்லாண்டிக்கைக் கடந்து வந்த ஜார்ஜ் ஃப்ரிக் பால்டிமோருக்குத் திரும்பி, அமெரிக்காவின் முதல் கண் மருத்துவப் பாடநூலை 1823-இல் வெளியிட்டார்.

லண்டனில் கண் மருத்துவப் பயிற்சியைத் தொடங்கிவைத்தது போர். 1798-இல் நெப்போலியன் எகிப்துக்குள் நுழைந்தார். அங்கே சண்டையிட்ட பிரெஞ்சு, பிரிட்டிஷ் வீரர்கள் சீழ் வடியும் கண்ணோயோடு தாய்நாடு திரும்பினார்கள். தொற்று முகாம்களைத் தாண்டி ஊர்களுக்குள் பரவியது. 1805-இல் ஜான் கன்னிங்ஹாம் சாண்டர்ஸ் லண்டனில் ஒரு கண் மருந்தகம் திறந்தார். பின்னாளில் மூர்ஃபீல்ட்ஸ் என்று உலகப் புகழ் பெற்றது அதுதான். அங்கே பயின்ற ராபர்ட் ரிச்சர்ட்சனைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றியது. 1819-இல் சென்னையில் கண் மருத்துவமனை பிறந்தது. லண்டனில் கற்றுத் திரும்பிய இரண்டு அமெரிக்க இளைஞர்கள் 1820-இல் நியூயார்க்கில் இன்னொன்றைத் திறந்தார்கள். நாம் எழும்பூர் கண் ஆஸ்பத்திரி என்று அழைப்பது நியூயார்க்கின் கண் மருத்துவமனைக்கு ஒரு வயது மூத்தது. இதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் ஐரோப்பிய மருத்துவத்தையும் நம் மருத்துவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் வண்ணப் படங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன.

அடுத்த பாய்ச்சல் ஜெர்மனியிலிருந்து. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் வெளியிட்ட ஒரு சிறு கருவி, உயிருள்ள மனிதனின் விழித்திரையை முதன்முறையாகத் தெளிவாகக் காட்டியது. கருவியைப் பிடிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்று மருத்துவர்கள் இரு கூறானார்கள். கண் தனிச் சிறப்புத்துறை ஆனது. ஜெர்மன் மருத்துவமனைகளில் இளம் மருத்துவர் ஆசிரியரின் கீழ் ஆண்டுக்கணக்கில் தங்கி வேலை பார்க்கும் வழக்கம் இருந்தது. அதைப் பார்த்துவந்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைத் துறைக்கு அப்படியே நகலெடுத்தார். இன்றைய ‘ரெசிடென்சி’யின் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் அமெரிக்காவில் இன்னொரு குழப்பம் இருந்தது. கண்ணாடி விற்பவர்கள் கண்ணையும் பரிசோதித்தார்கள். 1901-இல் மினசோட்டா மாநிலம் அவர்களுக்குத் தனி உரிமமே தந்தது. மறுபக்கம், சில வாரப் படிப்போடு கண் நிபுணர் என்று பலகை மாட்டிய மருத்துவர்களும் இருந்தார்கள். மக்கள் யாரை நம்புவது? 1916-இல் கண் மருத்துவர்கள் தாங்களே ஒரு தேர்வு வாரியம் அமைத்து, அந்த ஆண்டே மெம்ஃபிஸ் நகரில் முதல் தேர்வையும் நடத்தினார்கள். அமெரிக்காவின் முதல் சிறப்பு மருத்துவ வாரியம் இதுதான். காது-மூக்கு-தொண்டை தொடங்கி மற்ற துறைகள் எல்லாம் இதைப் பின்பற்றின.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டும் லண்டனும் கண் மருத்துவ டிப்ளமோ தரத் தொடங்கின. பேரரசின் பாதையில் அந்த டிப்ளமோ இந்தியாவுக்கும் வந்தது. நம் ‘டி.ஓ.’ அந்த வம்சம். பல தலைமுறைகளாக மாவட்ட மருத்துவமனைகளின் கண் பிரிவுகளைத் தாங்கியவர்கள் இந்த இரண்டாண்டுப் படிப்பை முடித்தவர்கள்தாம். 2019 வாக்கில்தான் மருத்துவக் கல்லூரிகள் பல தங்கள் டிப்ளமோ இடங்களை மூன்றாண்டு எம்.எஸ். இடங்களாக மாற்றின. இலங்கையில் அந்தப் பழைய கடல்வழி இன்னும் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. கொழும்பில் எம்.டி. தேர்வை வென்றவர் வெளிநாட்டிலும் பயிற்சி பெற்றுத் திரும்பிய பிறகே நிபுணராக அங்கீகரிக்கப்படுகிறார்.

இப்படி வந்த வழியே ஒவ்வொரு நாட்டின் விதியாக உறைந்துவிட்டது. ஏமாற்றுக்காரரை வடிகட்டப் பிறந்த அமெரிக்க முறை எண்ணிக்கை கேட்கிறது: பயிற்சிக்குள் குறைந்தது 86 கண்புரை அறுவைகளைத் தானே முதன்மையாகச் செய்திருக்க வேண்டும். பொது மருத்துவமனைகளில் நீண்ட காலம் ஊழியம் செய்யவைக்கும் பிரிட்டன் 350 கேட்கிறது. ஜெர்மனியில் கண் நிபுணர் என்ற தகுதி வேறு, அறுவை செய்யும் கை வேறு. ஐந்தாண்டு முடித்தும் கண்புரை அறுவையைத் தனியாகச் செய்யாதவர்கள் பலர் உண்டு, விரும்பியவர் அதன் பின் கற்றுக்கொள்வார். கண் மருத்துவர்கள் மிகக் குறைவாக உள்ள கென்யா, தான்சானியா, மலாவி போன்ற நாடுகள் இன்னொரு துணிவான முடிவெடுத்தன. எம்.பி.பி.எஸ். போன்ற பட்டம் இல்லாத மருத்துவ உதவியாளர்களுக்குக் கண்புரை அறுவையை மட்டும் தனிப் பயிற்சியாகக் கற்றுக்கொடுத்தன. அங்கே மாற்று வழி, பார்வையின்றிக் காத்திருப்பது மட்டுமே.

பயணம் திசை திரும்பியது மதுரையில். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தி, கண்புரையோடு வீட்டில் முடங்கிக் கிடந்தவர்களை அழைத்து வந்தார்கள். பயிற்சி மருத்துவருக்கு எங்கேயும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது: போதுமான நோயாளிகள், பக்கத்திலேயே நின்று பார்க்கும் ஆசிரியர். முற்றிய கண்புரையைச் சிறு வெட்டில், தையலின்றி எடுக்கும் முறையைக் கற்க அமெரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மருத்துவர்கள் இன்று மதுரைக்கு வருகிறார்கள். லண்டனிலிருந்து கப்பலில் வந்த கல்வி, வைகைக் கரையில் ஏற்றுமதிச் சரக்கானது.

புதிய நகல் ஒன்றும் இப்போது உலகைச் சுற்றுகிறது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் உருவான சிமுலேட்டரில் பயிற்சி மருத்துவர் கணினிக் கண்ணில் அறுவை செய்து பழகலாம். பிரிட்டனில் இது பரவிய ஆண்டுகளில், முதலிரண்டு ஆண்டுப் பயிற்சியாளர்கள் செய்த கண்புரை அறுவைகளில் கண்வில்லைப் பையின் பின்சுவர் கிழியும் விபத்து 4.2 விழுக்காட்டிலிருந்து 2.6 ஆகக் குறைந்தது. சுசுருதரின் வெள்ளரிக்காய் செய்ததையே இது இன்னும் துல்லியமாகச் செய்கிறது: முதல் தவறுகளை நோயாளியிடமிருந்து விலக்கி வைக்கிறது.

இந்தியாவில் ஒரு குறை மீதி இருக்கிறது. பட்டம் ஒன்றே என்றாலும் கை பழகும் அளவு கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. ஒரு நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான அறுவைகள் செய்து வெளியேறுபவரும், இன்னொன்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே செய்தவரும் ஒரே எம்.எஸ். எழுத்துகளைப் போட்டுக்கொள்கிறார்கள். சென்னை லண்டனைப் பார்த்துக் கற்றது, பால்டிமோர் ஜெர்மனியைப் பார்த்துக் கற்றது, உலகம் மதுரையைப் பார்த்துக் கற்கிறது. இந்தத் துறை நல்லதைக் காப்பியடித்தே வளர்ந்தது. ஆசிரியர் பார்வையில் செய்த அறுவைகளை எண்ணி, அந்தக் கணக்கைத் தேர்ச்சிக்கு நிபந்தனையாக்கும் வழக்கத்தை நாமும் நாடு முழுக்கக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும். எண்ணிக்கையைத் தர நம்மிடம் நோயாளிகள் இருக்கிறார்கள், ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கண்புரையோடு வரும் ஒவ்வொருவருக்கும் பழகிய கை கிடைக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.