வித்வான்களுக்கு ஒரு வளாகம்: ருக்மிணி தேவியின் இசை நிர்வாகம்

ருக்மிணி தேவி அருண்டேலின் (1904–1986) பணி பெரும்பாலும் பரதநாட்டிய வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கலாக்ஷேத்ராவின் நிறுவனர் என்ற முறையில் அவர் செய்ததை மதிப்பிட, இசைத்துறையே தெளிவான சான்று தருகிறது. நாட்டியத்தில் அவரே ஆடினார், அவரே நாடகங்களை வடிவமைத்தார். அங்கே கலைஞரையும் நிர்வாகியையும் பிரித்துப் பார்ப்பது கடினம். இசையில் அவர் கச்சேரி மேடை ஏறியவரல்லர், சாகித்தியம் இயற்றியவருமல்லர். யாரை அழைப்பது, எங்கே குடியமர்த்துவது, அவர்களிடம் எதைக் கேட்பது என்ற முடிவுகளே அத்துறையில் அவர் பங்கு. அந்த முடிவுகள் தென்னிந்திய இசைக்குப் பெரும் நன்மை செய்தன.

மதுரையில் பிறந்த ருக்மிணியின் தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர், பிரம்மஞான சபை உறுப்பினர். தாய் சேஷம்மாள் திருவையாற்றைச் சேர்ந்தவர், இசையில் ஈடுபாடு மிக்கவர். தந்தை ஓய்வு பெற்றபின் குடும்பம் அடையாறில் குடியேறியது. 1920இல் பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேலை ருக்மிணி மணந்தார். 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில், நாட்டிய ஆர்வலர் இ. கிருஷ்ண ஐயரின் முயற்சியால் நடந்த, அப்போது சதிர் எனப்பட்ட பரதநாட்டியத்தின் பந்தநல்லூர் மரபுக் கச்சேரி அவரை நாட்டியத்தின் பக்கம் திருப்பியது. 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ஆடினார். அடுத்த சில நாட்களிலேயே, 1936 ஜனவரி 6 அன்று, பின்னாளில் கலாக்ஷேத்ரா என்று பெயர் பெற்ற நிறுவனம் அடையாறில் தொடங்கியது.

அக்காலச் சென்னையில் இசைக்கு அமைப்புகள் இல்லாமலில்லை. 1927ஆம் ஆண்டு காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி உருவானது. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி நிறுவியிருந்தார். நகரெங்கும் சபாக்கள் பெருகின. ஆயினும் சபா என்பது ஒரு மாலைப்பொழுதுக்குச் சம்பாவனை தரும் அமைப்பு. குரல் திடமாக இருக்கும்வரை, ரசிகர் கூட்டம் வரும்வரை அது பாடகரைத் தாங்கும். வயதேறிய வித்வானை முன்பு தாங்கி நின்றவை சமஸ்தானங்களும் ஜமீன்களும். 1940களின் இறுதியில் சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. குரு வழியாக வரும் பாடல் மரபான பாடாந்தரத்தின் பெரும்பகுதி எவர் நினைவில் இருந்ததோ, அவர்களே நிலையான ஆதரவின்றி நின்றார்கள். ருக்மிணி தேவி குறிவைத்தது இந்த இடைவெளியை.

1930களிலேயே பாபநாசம் சிவன் அடையாறில் கற்பித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பணிக்குப் பின் டைகர் வரதாச்சாரியார் வந்தார். 1950இல் மறையும்வரை இசைத்துறையின் தலைவராக இருந்தார். டைகரின் சாரீரம் இனிமையானதன்று என்று அவரைப் போற்றியவர்களே ஒப்புக்கொண்டார்கள். மனோதர்மத்தில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலர். ஒலிபெருக்கிக் காலத்தின் சபா மேடையைவிட, நாள்முழுதும் மாணவர் எதிரில் அமர்ந்து ஒரு ராகத்தை விரித்துக் காட்டும் வகுப்பறையே அவர் வித்தைக்கு ஏற்ற இடம். பாலக்காட்டுப் பகுதியிலிருந்து வந்து அவரிடம் சேர்ந்த எம்.டி. ராமநாதன் அங்கேயே பயின்று அங்கேயே பேராசிரியரானார். மந்திர ஸ்தாயியிலும் விளம்ப காலத்திலும் ஊன்றி நின்ற ராமநாதனின் பாணி வேகத்தை விரும்பிய அவைகளில் எளிதில் எடுபடவில்லை. மாதச் சம்பளமும் மாணவர்களும் இருந்ததால் அவர் அதை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எழவில்லை. இசை நிர்வாகத்தின் பயனுக்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர், கோட்டுவாத்தியத்துக்குப் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி என்று வரிசை நீள்கிறது. இவர்களுள் மைசூர் வாசுதேவாச்சாரின் வருகை தனிக் கவனத்துக்குரியது. 1865இல் பிறந்து, மைசூர் அரசவை வித்வானாக வாழ்ந்து, எண்பது வயதைத் தாண்டியபின் அவர் கலாக்ஷேத்ராவுக்கு வந்தார். அந்த வயதில் ஒருவரைக் கௌரவித்து ஓர் இருக்கை தருவது எந்த நிறுவனமும் செய்யக்கூடியது. ருக்மிணி தேவி அவரிடம் வேலை கேட்டார்: வால்மீகி ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைக்க இசை வேண்டும் என்றார். முதல் நாடகமான ‘சீதா சுயம்வரம்’ 1955இல் அரங்கேறியது. 1961இல் வாசுதேவாச்சார் மறைந்தபோது மீதமிருந்த பணியை, அவரது பேரனும் பின்னாளில் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவருமான எஸ். ராஜாராம் தொடர்ந்தார். 1970இல் பட்டாபிஷேகத்தோடு வரிசை நிறைவுற்றது.

வித்வான்களிடம் நாடக இசையைக் கேட்கும் இந்த முறை திடீரென வந்ததன்று. 1944இல் மேடையேறிய ‘குற்றாலக் குறவஞ்சி’க்கு டைகரின் சகோதரர் வீணை கிருஷ்ணமாச்சாரியாரும், 1947இன் ‘குமாரசம்பவ’த்துக்கு டைகரும் இசையமைத்தார்கள். கீர்த்தனையின் பல்லவி–அனுபல்லவி–சரண வரம்புக்குள் பழகிய வித்வான்கள், கதையின் ஓட்டத்துக்கும் பாத்திரத்தின் மனநிலைக்கும் ஏற்ப ராகத்தையும் நடையையும் மாற்றும் இசையை எழுத நேர்ந்தது. பழைமையைக் காத்தவர் என்று மட்டும் ருக்மிணி தேவியைச் சொல்வது இந்த ஆக்கத்தைக் கணக்கில் சேர்க்காத கூற்று. உ.வே. சாமிநாதையரின் சுவடிகளுக்காக 1943இல் அவர் நூல்நிலையம் நிறுவியதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் நிலம் தேவைப்பட்டது. 1945இல் அருண்டேல் மறைந்தபின், அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தைவிட்டு நிறுவனம் தெற்கே திருவான்மியூர் மணற்பரப்புக்கு நகர்ந்தது. படிப்படியான அந்த இடமாற்றம் 1962இல் முழுமை பெற்றது. ஏறத்தாழ நூறு ஏக்கர். குருவின் வீட்டில் தங்கிக் கற்கும் பழைய முறையைச் சம்பளம், பாடத்திட்டம், பட்டயம் என்ற புதிய ஏற்பாட்டோடு இணைக்க, நகரின் நடுவே ஒரு வாடகைக் கட்டடம் போதாது.

இந்த ஏற்பாட்டின் குறைகளும் பதியப்பட வேண்டியவை. நாட்டியம் கற்பிக்க மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சொக்கலிங்கம் பிள்ளை, மயிலாப்பூர் கௌரி அம்மாள் ஆகியோர் வந்தார்கள். 1943இல் சொக்கலிங்கம் பிள்ளை விலகியபின் நட்டுவாங்கம் நிறுவனத்திலேயே பயின்றவர்களின் கைக்குப் போனது. இசைத்துறையின் தலைமைப் பொறுப்புகளிலோ பெரும்பாலும் பிராமண வித்வான்களே இருந்தார்கள். சதிருக்கும் மேளத்துக்கும் தலைமுறை தலைமுறையாக உழைத்த இசை வேளாளர் குடும்பங்களுக்கு, வாசுதேவாச்சாருக்குக் கிடைத்ததைப் போன்ற நிலைத்த இடம் அங்கே அமையவில்லை. மூத்த வித்வான்களின் நிலையை அவ்வளவு கூர்மையாக உணர்ந்த ஒருவரின் திட்டத்தில் இது பெரிய விடுபடல்.

மற்றொரு குறை அமைப்பு சார்ந்தது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு 1962வரை உறுப்பினராக இருந்தபோதும், 1956இல் பத்மபூஷண் பெற்றபோதும், நிறுவனத்தின் முடிவுகள் அவரையே சுற்றி நின்றன. எந்த வித்வானை அழைப்பது என்பதை எழுதப்பட்ட விதி எதுவும் தீர்மானிக்கவில்லை. அவரது செவியும் மரியாதையுமே தீர்மானித்தன. அவர் இருந்தவரை அதுவே பலம். 1986 பிப்ரவரியில் அவர் மறைந்ததும் அந்தப் பலத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வழி இல்லை. 1993ஆம் ஆண்டின் கலாக்ஷேத்ரா ஃபவுண்டேஷன் சட்டம் நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்து மத்திய அரசின் பொறுப்பில் கொண்டுவந்தது. அதுவரை ஒருவரிடம் குவிந்திருந்த அதிகாரம் ஆட்சிக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு, இயக்குநர் என்று பிரிக்கப்பட்டது.