பந்தும் பந்தியும்

விளையாட்டுக்கும் சமுதாயப் போராட்டத்துக்கும் தொடர்பில்லை என்பார் உளர். ஓர் ஆட்டம் எவரை உள்ளே விட்டது, எவரை வெளியே நிறுத்தியது, ஆடி முடித்தபின் எவரோடு எவர் ஒரே பந்தியில் அமர்ந்தார் என்று வினவினால் அக்கூற்றின் பொய்ம்மை புலப்படும். றகர் ஆட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

றகரில் நல்லதொரு மரபு உண்டு. எண்பது நிமிடம் மோதிச் சேற்றில் புரண்டவர்கள், முடிவில் இரு வரிசையாக நின்று எதிரணியைக் கைதட்டி அனுப்புவர். பின்னர் உள்ளூர்க் கழகம் வந்த கழகத்துக்கு விருந்தளிக்கும். ஊதியம் பெறாது ஆடுவோரின் தோழமை என்று இதனைப் போற்றினர். அத்தோழமை மெய்யே. ஆனால் அதனைச் சுற்றி ஒரு சுவர் இருந்தது.

இங்கிலாந்தில் 1871இல் தோன்றிய றகர் சங்கம், ஊதியமின்றி ஆடுவதே அறம் என்றது. சனிக்கிழமையிலும் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த வடபுலத் தொழிலாளியோ, ஆடச் சென்றால் அன்றைய கூலியை இழந்தான். இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை 1893இல் அச்சங்கம் 282க்கு 136 என்ற வாக்குகளால் தோற்கடித்தது. 1895 ஆகஸ்டு 29இல் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிய வடபுலக் கழகங்கள் பிரிந்து சென்றன. கூலியை இழக்க வசதி படைத்தவனுக்கே அந்த 'அறம்' எளிதாயிற்று. சர்வதேச சபை தடையை நீக்கியது 1995இல்தான்; நூறாண்டு கழிந்திருந்தது!

இலங்கையில் அச்சுவர் நிறத்தால் ஆனது. 1879இல் கொழும்பில் கழகம் தோன்றியது. மலையகத்தில் திம்புள, டிக்கோயா, ஊவாக் கழகங்களின் தோட்டத் துரைமார் ஒருவரையொருவர் அழைத்து ஆடி விருந்துண்டனர். அவ்விருந்துக்கான செல்வத்தை ஈட்டித் தந்த தமிழ்த் தொழிலாளிக்குப் பந்தியில் இடமில்லை. எனினும் சுவரில் விரிசல்கள் விழுந்தன. கண்டியில் 1891இல் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் தாம் நிறுவிய பள்ளியில் இவ்வாட்டத்தைப் புகுத்தினார். 1906இல் அப்பள்ளியான கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் பொருதின. 1922இல் எழுந்த கழகமொன்று 'சிலோனீஸ்' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே பொறித்துக்கொண்டது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் காலமும் முடிந்தது.

நம் கல்முனைக் கரையில் றகர் வேரூன்றவில்லை. ஒரு பந்தும் ஒரு வெளியும் போதுமான உதைபந்தாட்டமே நம் ஆட்டம். மருதமுனை நெசவாளரின் மக்களும் சாய்ந்தமருதுக் கரைவலைக்காரரின் மக்களும் சந்தாங்கேணித் திடலில் சந்தித்தனர். கழக மாளிகை இல்லை, மதுக்கூடமும் இல்லை. தேநீர்க் கடையே மாளிகை. வீட்டில் விருந்தென்றால் ஒரே சகனைச் சுற்றி இரு அணியினரும் அமர்வர். ஒரு தட்டில் ஆறு கைகள் படியும்போது வென்றவன் யார், தோற்றவன் யார்?

ஆயினும் நம் பந்தியில் சுவரே இல்லையென்று பெருமை பேசுதல் தகாது. 1985 ஏப்ரலில் காரைதீவில் மூண்ட கலவரமும் 1990இன் கொலைகளும் தமிழரையும் முஸ்லிம்களையும் பிரித்தன. 2004 டிசம்பர் 26இல் பொங்கிய கடல் இனம் பார்த்து உயிர் குடிக்கவில்லை. அத்துயரும் நம்மை முற்றாகச் சேர்த்துவிடவில்லை. 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முன்னிட்டு ஒருபுறம் உண்ணாவிரதமும் மறுபுறம் சத்தியாக்கிரகமும் நடந்தன.

நிலமும் நிர்வாகமும் பற்றிய பிணக்கைப் பந்து தீர்க்காது. அதனை நீதியே தீர்க்க வேண்டும். ஆனால் ஒருவன் வியர்வையை ஒருவன் அறியாத மக்களிடையே நீதி பற்றிய பேச்சும் எழாது. ஊருக்கோர் அணி, இனத்துக்கோர் அணி என்ற வழக்கத்தை மாற்றிப் பாண்டிருப்புப் பிள்ளையையும் மருதமுனைப் பிள்ளையையும் ஒரே அணியில் நிறுத்த ஆசிரியராகிய நம்மால் முடியும். எதிரணியைக் கைதட்டி அனுப்பும் மரபை றகரிடமிருந்து ஏற்போம். அதன் சுவரை ஏற்கவேண்டாம். ஆட்டம் முடிந்தபின் பந்தியில் எவருக்கு இடமில்லை என்ற கேள்வியை நம் மாணவர் கேட்கப் பழகட்டும்.