டார்கஸ் ரைலியின் பீன்ஸ்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் நாள். அன்று மதியம் வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெர்ரி சாஸ், பூசணிப் பை எல்லாம் மேசைக்கு வரும். கூடவே ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பீன்ஸும் வரும். மேலே பொன்னிறத்தில் மொறுமொறுவென்று வறுத்த வெங்காயம். கரண்டியை உள்ளே விட்டால் காளான் சூப்பில் ஊறி வெந்த பச்சை பீன்ஸ். பெயர் கிரீன் பீன் கேசரோல். இங்கே நாம் கேசரோல் என்று சொல்லும் சூடு ஆறாத டப்பாவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அகலப் பாத்திரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஓவனில் வைத்து எடுப்பதுதான் அவர்களுக்குக் கேசரோல். அந்த மேசையில் இருக்கும் மற்றப் பண்டங்களுக்கு இன்னார்தான் முதலில் செய்தார் என்று சொல்ல முடியாது. பாட்டி வழியாக, பாட்டியின் பாட்டி வழியாக வந்தவை அவை. இந்த பீன்ஸுக்கு மட்டும் பிறந்த ஊர் உண்டு, பிறந்த ஆண்டு உண்டு, பெற்றவரின் பெயரும் உண்டு. நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன், 1955, டார்கஸ் ரைலி.

டப்பா சூப்பை ஊற்றிச் செய்வதெல்லாம் ஒரு சமையலா என்று முகம் சுளிப்பவர்கள் அமெரிக்காவிலேயே நிறையப் பேர். எனக்கு இந்தப் பண்டத்தின் மீது பெரிய மதிப்பு உண்டு. ஆறே பொருள்தான். அந்த ஆறு தானாக வந்து அமையவில்லை. முறையாகப் படித்த பெண்கள் செய்து, ருசித்து, வேண்டாததைக் கழித்து, மறுபடி செய்து எட்டிய எண்ணிக்கை அது.

சூப்பிலிருந்து தொடங்க வேண்டும். டெலவேர் ஆற்றின் ஒரு கரையில் பிலடெல்பியா, எதிர்க்கரையில் கேம்டன். 1869-ல் ஜோசப் கேம்ப்பெல் என்ற பழ வியாபாரியும், ஐஸ் பெட்டி செய்துவந்த ஆபிரகாம் ஆண்டர்சனும் அங்கே ஒரு டப்பா உணவுத் தொழிலைத் தொடங்கினார்கள். 1897-ல் ஜான் டாரன்ஸ் என்ற இளைஞர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். வாரச் சம்பளம் ஏழரை டாலர். சூப் டப்பாவில் எடையும் இடமும் பிடிப்பது தண்ணீர்தான், அதற்குத்தான் ரயில் கூலி போகிறது என்று கண்டார். தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டுக் கெட்டியாக அடைத்தார். வீட்டில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். ஒரு டப்பா பத்து சென்ட்டுக்கு விற்க முடிந்தது.

டாரன்ஸ் யோசித்தது ரயில் கூலியைத்தான். ஆனால் கெட்டியான சூப் வீட்டுக்குள் போனதும் அதற்கு வேறு உபயோகம் கிடைத்தது. 1934-ல் காளான் சூப் வந்தபோது அது நன்றாகத் தெரிந்தது. வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறிச் செய்யும் வெள்ளைச் சாஸ் ஐரோப்பியச் சமையலின் அடிப்படை. கை பழகாதவர்களுக்கு அது அடிப்பிடிக்கும், அல்லது கட்டி கட்டியாக நிற்கும். காளான் சூப் டப்பாவில் மாவு, கொழுப்பு, பால், காளானின் ருசி எல்லாம் ஏற்கெனவே சேர்ந்து நின்றன. தண்ணீர் சேர்க்காமல் அப்படியே கோழியின் மேலோ நூடுல்ஸிலோ டூனா மீனிலோ ஊற்றினால் சாஸ் தயார். லூத்தரன் திருச்சபையினர் மிகுந்த மினசோட்டாவில், சர்ச் விருந்துகளுக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரும் பெண்கள் எல்லாப் பண்டத்திலும் இதையே ஊற்றியதால், அதற்கு 'லூத்தரன் பைண்டர்', அதாவது லூத்தரன்களின் ஒட்டுப் பசை, என்று செல்லப் பெயரே விழுந்துவிட்டது.

பாத்திரமும் முன்பே தயாராகியிருந்தது. நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி ஆலையில் வேலை பார்த்த இயற்பியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, 1913-ல் தன் மண்பாத்திரம் உடைந்துபோனதால், கணவர் அறுத்துக் கொண்டுவந்த பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தில் கேக் சுட்டுப் பார்த்தார். கண்ணாடி விரியவில்லை, கேக்கும் சீராக வெந்தது. 1915-ல் பைரக்ஸ் கடைக்கு வந்தது. ஓவனில் வைத்த பாத்திரத்தையே மேசையில் வைக்கலாம் என்ற வழக்கம் அதிலிருந்து பரவியது. ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த பொருளை அடுக்களைக்கு உரியதாக்கியது ஒரு பெண்ணின் கேக்.

பிறகு யுத்தம். 1943 மார்ச்சில் டப்பா உணவுகளுக்கு ரேஷன் வந்தது. கூப்பன் புள்ளிகள் இருந்தால்தான் சூப்பும் பீன்ஸும். 1945-ல் அது நீங்கியதும் கடை அலமாரிகள் நிரம்பின. புதிய வீடுகள் எழுந்தன, வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்தது, பிள்ளைகள் பெருகினார்கள். மூன்று நான்கு பிள்ளைகளுக்கு மாலை ஆறு மணிக்குள் சாப்பாடு போட வேண்டிய தாய், கூடவே சமைக்க மாமியாரோ அக்காவோ இல்லாத தனி வீட்டில் நின்றாள். டப்பா உணவின் செல்வாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் விளம்பரத்தைத்தான் அதிகம் சொல்வார்கள். அந்தத் தனி வீட்டையும் அந்த ஆறு மணியையும் நான் அதற்கு முன்னால் வைப்பேன்.

டார்கஸ் அந்தத் தலைமுறைக்காரர். 1926-ல் நியூ ஜெர்சியின் உட்பரியில் பிறந்து, கேம்டனில் வளர்ந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிலடெல்பியாவில் இருந்த ட்ரெக்சல் கல்லூரியில் மனையியல் படித்து 1947-ல் பட்டம் வாங்கினார். மனையியல் என்றதும் தையலும் பூ வேலையும் நினைவுக்கு வரலாம். அமெரிக்காவில் அந்தத் துறையை வளர்த்தவர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், எம்.ஐ.டி.யில் படித்த முதல் பெண், வேதியியலாளர். ஆய்வுக்கூடக் கதவுகள் பெண்களுக்கு எளிதில் திறக்காத காலத்தில், விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்ட பெண்கள் நுழைய முடிந்த வாசல் மனையியல். அங்கே படித்தவர்களுக்கு உணவு வேதியியல் தெரியும், ஊட்டச்சத்துக் கணக்கு தெரியும், ஒரு சோதனையை மாற்றி மாற்றிச் செய்து குறித்துவைக்கவும் தெரியும்.

1949-ல் கேம்ப்பெல் நிறுவனம் தன் மனையியல் துறைக்கு முழுநேரமாக எடுத்துக்கொண்ட முதல் இருவரில் டார்கஸ் ஒருவர். நிறுவனத்தின் சூப்பை வைத்து வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று கண்டுபிடித்து எழுதித் தருவது வேலை. தக்காளி சூப் ஊற்றிய இறைச்சி ரொட்டி, டூனா நூடுல்ஸ் போன்றவையும் அந்த அடுக்களையிலிருந்து வந்தன. நூற்றுக்கணக்கில் செய்து பார்த்தார்கள். பல ஆண்டுகள் கழித்து இந்த பீன்ஸைப் பற்றிக் கேட்டபோது, குறிப்பிட்ட அந்த நாள் தனக்கு நினைவில்லை என்றே டார்கஸ் சொன்னார். நாள்தோறும் அதே வேலை செய்தவருக்கு அது இயல்புதான்.

1955-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் உணவுப் பகுதிக்காக ஒரு குறிப்பு தேவைப்பட்டது. தேங்க்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழிக்குத் துணையாக வைக்க ஒரு காய். பெரும்பாலான வீடுகளில் அப்போதே கையிருப்பில் இருக்கும் பொருள்களைக் கொண்டு செய்ய வேண்டும். அந்த நாளில் அமெரிக்க அலமாரிகளில் தவறாமல் இருந்தவை இரண்டு: பச்சை பீன்ஸ், காளான் சூப்.

டார்கஸும் அவரது குழுவினரும் செய்து பார்த்தார்கள். செலரி உப்பு சேர்ப்பதா என்ற யோசனை வந்தது, ஹாம் சேர்ப்பதா என்றும் வந்தது. இரண்டும் கழிந்தன. நின்றவை இவைதான்: பத்தரை அவுன்ஸ் காளான் சூப் டப்பா ஒன்று, பால் அரைக் கப், சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை மிளகுத் தூள், வெந்த பீன்ஸ் நான்கு கப், டப்பாவில் வரும் வறுத்த வெங்காயம் ஒன்றேகால் கப்புக்குச் சற்று மேல். வெங்காயத்தில் பாதியை மற்றவற்றோடு கலந்து, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 25 நிமிடம். வெளியே எடுத்துக் கிளறி, மீதி வெங்காயத்தை மேலே தூவி இன்னும் ஐந்து நிமிடம். ஆறு பேருக்குக் காணும்.

இந்தப் பட்டியலை நிதானமாகப் பார்க்க வேண்டும். சூப்பாகக் குடிக்க ஒரு டப்பாவுக்கு ஒரு டப்பா தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கே அரைக் கப் பால் மட்டும். அதனால் பீன்ஸில் ஒட்டி நிற்கும் பதம் கிடைக்கிறது. உப்பு என்ற பொருளே பட்டியலில் இல்லை. சூப்பிலும் சோயா சாஸிலும் இருப்பது போதும், கை தவறி யாரும் கூடுதலாகப் போட்டுவிட முடியாது. 1955-ல் அமெரிக்க வீட்டில் சோயா சாஸா என்று வியப்பு வரலாம். 1922-ல் டெட்ராயிட்டில் வாலி ஸ்மித்தும் கொரியாவில் பிறந்த நியூ இல்-ஹானும் தொடங்கிய லா சோய் நிறுவனம் அதைப் பல வீடுகளுக்கு முன்பே கொண்டுசேர்த்திருந்தது. அந்த ஒரு தேக்கரண்டி, காளானின் ருசியை ஆழப்படுத்திவிட்டு, தான் இருப்பது தெரியாமல் ஒதுங்கிக்கொள்கிறது. இந்தக் குறிப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். தேர்ந்த நாக்கு இல்லாமல் இந்த அளவு கிடைத்திருக்காது.

வெங்காயத்தை இரண்டாகப் பிரித்ததும் அப்படித்தான். உள்ளே போனது கரைந்து இனிப்பும் கெட்டியும் தருகிறது. கடைசி ஐந்து நிமிடத்துக்கு மேலே தூவியது மொறுமொறுப்பாகவே மேசைக்கு வருகிறது. எல்லாவற்றையும் முதலிலேயே தூவினால் அது கருகிவிடும்.

பீன்ஸ் எந்த பீன்ஸ் என்றும் கறார் இல்லை. தோட்டத்தில் பறித்தது, டப்பாவில் அடைத்தது, உறையவைத்த பொட்டலம், எதுவும் சரி. நவம்பரில் வட மாநிலங்களில் தோட்டத்து பீன்ஸ் கிடையாது. பட்டியலை எழுதியவருக்கு அது தெரியும். டப்பா பீன்ஸ் என்றால் கத்தியே வேண்டாம், அடுப்பும் பற்றவைக்க வேண்டாம். டப்பா திறப்பான், கரண்டி, பாத்திரம், ஓவன் போதும். அதனால் இது பிள்ளைகள் செய்யக்கூடிய பண்டமும் ஆனது. 1957-ல் பெட்டி கிராக்கர் என்ற பிரபலப் பெயரில் சிறுவர் சிறுமியருக்கென்று தனிச் சமையல் புத்தகமே வெளியான காலம் அது. அம்மா வான்கோழியோடு மல்லுக்கட்டும்போது, பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று சூப்பையும் பாலையும் கலக்கலாம்; ஓவன் கதவைத் திறக்கும்போது மட்டும் பெரியவர் வந்தால் போதும். பச்சைக் காய் என்றால் தட்டைத் தள்ளிவைக்கும் பிள்ளை, தானே கலந்த பீன்ஸை ஒரு வாயாவது தின்று பார்க்கும். மேலே வறுத்த வெங்காயம் இருந்தால் இரண்டாவது வாயும் உண்டு.

முதலில் இதற்கு 'கிரீன் பீன் பேக்' என்றுதான் பெயர். நிறுவனத்துக்குள்ளேயே நடந்த ருசிச் சோதனையில் பெரிதாகத் தேறவில்லை. டார்கஸ் விடாமல் நின்றதால் தப்பியது. 1960-லிருந்து காளான் சூப் டப்பாவின் மேலேயே செய்முறையை அச்சிட்டார்கள். அதன் பிறகு யாரும் புத்தகம் தேட வேண்டியிருக்கவில்லை. டப்பாவைக் கையில் எடுத்தாலே செய்முறையும் கூடவே வந்தது.

அச்சான செய்முறையில் டார்கஸின் பெயர் இல்லை. அந்தக் காலத்து நிறுவனச் சமையலறைகளின் வழக்கம் அது. மாவு நிறுவனம் ஒன்று 1921-ல் உருவாக்கிய கற்பனைப் பெண்தான் பெட்டி கிராக்கர். 1945-ல் ஃபார்ச்சூன் இதழ் நாட்டில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலனோருக்கு அடுத்தபடி பிரபலமான பெண் என்று அவரைக் குறிப்பிட்டது. இல்லாத பெண்ணின் கையெழுத்துக்குப் பின்னால் உண்மையான பெண்கள் பலர் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்றும் நமக்குத் தெரியாது. இது எனக்கு உறுத்துகிறது. ஒரு தேசத்தின் அன்றாடச் சாப்பாட்டை இவ்வளவு மாற்றியவர்கள் வேறெந்தத் துறையில் இருந்திருந்தாலும் பாடப் புத்தகத்தில் ஏறியிருப்பார்கள்.

டார்கஸ் 1961-ல் தன் பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்டார். 1981-ல் திரும்பி வந்து, நிறுவனத்தின் சமையலறைக்கு மேலாளராகி 1988-ல் ஓய்வு பெற்றார். அவர் பெயர் வெளியே பரவலாகத் தெரியவந்தது அதற்கெல்லாம் பிறகுதான். 2002-ல் அந்தச் செய்முறையின் மூல அட்டையை ஒஹாயோவின் ஏக்ரன் நகரில் இருந்த தேசியக் கண்டுபிடிப்பாளர் கூடத்துக்குக் கொடுத்தார். 2018 அக்டோபரில், 92 வயதில் காலமானார். அமெரிக்காவில் விற்கும் காளான் சூப்பில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் இந்தப் பண்டத்துக்கே போகிறது என்பது நிறுவனம் சொல்லிவரும் கணக்கு.

குறை சொல்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. டப்பா சூப்பில் உப்பு அதிகம். டப்பா பீன்ஸ் குழைந்து போகும். அதனால் இப்போது பல சமையல்காரர்கள் காளானைத் தாங்களே நறுக்கி வதக்கி, சாஸைத் தாங்களே காய்ச்சி, வெங்காயத்தைத் தாங்களே வறுத்து இதைச் செய்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, நேரம் மட்டும் ஒன்றரை மணிக்குக் குறையாது. அப்படிச் செய்பவர்களும் பீன்ஸ், காளான் சாஸ், மேலே வெங்காயம் என்ற அமைப்பில் கை வைப்பதில்லை. வெங்காயத்தைக் கடைசியில்தான் தூவுகிறார்கள்.